சுவர் இல்லாத கதவு

தட்டுச் சத்தம் நின்றுவிட்டது.

அதுவரை கிரேஸ் டீச்சர் வீட்டுக்குள்ளிருந்து எவர்சில்வர் தட்டுகளைக் கரண்டியால் அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாலைந்து தட்டுகள் இருக்கும். தாளம் கிடையாது, ஒழுங்கு கிடையாது. அவற்றில் ஒன்றை அடித்தவள் என் மகள் உமா. எது அவளுடையது என்று எனக்குத் தெரியாது. எல்லாமே அவள்தான் என்று வைத்துக்கொண்டு, தெருக்கோடியில் ஒரு மண்கரையின் மேல் நின்றிருந்தேன். சேலை இடுப்புவரை நனைந்து காலோடு ஒட்டிக்கிடந்தது. எனக்கு முன்னால் தெரு முழுக்கத் தண்ணீர், டிக்காஷன் நிறத்தில். டீச்சர் வீட்டு ஜன்னலின் அடிக்கட்டையை அது தொட்டுவிட்டது.

பிறகு சத்தம் நின்றது. மழை மட்டும் கேட்டது.

இந்தத் தொடரில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் காலத்துக் கதைகளைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். மழை என்று வருகிற இடத்தில் எல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன் என்பதை நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, உமா கவனித்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள்.

"ஏம்மா, ஊர்க்கதையெல்லாம் எழுதுதீங்க. நம்ம தெருக்கதைய மட்டும் எழுத மாட்டுக்கீங்க?"

"எழுத உக்காந்தா மழைச் சத்தந்தான் கேக்கு, ஏட்டி."

"கேக்கட்டும். நான்தான் முழுசா இருக்கேன்லா? எழுதுங்க."

எழுதுகிறேன்.

காபித் தண்ணீர்

கோவில்பட்டியில் எங்கள் தெரு ஒரு சரிவு. மேல்கோடியில் சண்முகம் அண்ணாச்சியின் பலசரக்குக் கடை. நடுவில் எங்கள் வீடு. கீழ்க்கோடியில் கிரேஸ் டீச்சரின் ஓட்டு வீடு. அதற்கு எதிரே தெருவுக்குப் பொதுவான கிணறு. அதையும் தாண்டி இறங்கினால் ஓடை. ஓடைக்கரையில் குடிசைகள். அங்கிருந்த பெண்கள் பலரும் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பெயர். வெளியூர்க்காரர்கள் கேட்டால் மேஜை நாற்காலி, மின்விசிறி என்று நினைத்துக்கொள்வார்கள்.

மழை விஷயத்தில் எங்கள் ஊர் இரண்டு கட்சி. தீக்குச்சி காய வேண்டியவர்களுக்கு வெயில் வேண்டும். குடம் நிறைய வேண்டியவர்களுக்கு மழை வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு கட்சியும் உண்டு. அப்பா வெயிலுக்கும் அம்மா மழைக்கும் வேண்டிக்கொண்டு ஒரே கோயிலுக்குச் சேர்ந்து போவார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் சில வருடங்கள் வெயில் கட்சிதான் ஜெயித்துக்கொண்டே வந்தது. குழாயில் தண்ணீர் வருவது தூரத்துச் சொந்தக்காரர் வருவது மாதிரி ஆகிவிட்டது. வருவார் என்பார்கள், வர மாட்டார். வரும்போது நாம் வீட்டில் இருக்க மாட்டோம். தெருக்கிணற்றில் வாளியை விட்டால் 'டங்' என்று பாறையில் முட்டும் சத்தம் மேலே வரும்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சியின் மூத்த மகனுக்குப் பெண் பார்த்தார்கள். எட்டயபுரம் பக்கத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அம்மா காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, இந்தக் காப்பிக்குத் தண்ணி எங்கன பிடிச்சது?"

அண்ணாச்சி பொய் சொல்லத் தெரியாதவர். "கயத்தாறு ரோட்டுல ஒரு தோட்டம் இருக்கு. மவன் சைக்கிள்ல போயி எடுத்தாந்தான்."

"நல்லா இருக்கு காப்பி. எம் மவளுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துவிட்டார்.

தெருவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சிரித்து முடித்த பிறகு, எங்கள் வீட்டிலும் பெண் பிள்ளை வளர்கிறது, நம் தெருப் பையன்களும் வளர்கிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் உறைத்தது.

ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது

கரை கட்டும் யோசனை அண்ணாச்சியுடையது. எங்கள் தெருவில் விழுகிற மழை எங்கள் தெருவில்தான் இருக்க வேண்டும். ஓடைக்கு இறங்கும் கோடியில் குறுக்கே ஒரு மண்கரை போட்டுவிட்டால் தண்ணீர் அங்கேயே நின்று ஊறிக் கிணற்றுக்குப் போய்விடும்.

எல்லோரும் சேர்ந்து கட்டினோம். நான் எக்ஸ்சேஞ்சில் டியூட்டி முடிந்து வந்து அதே சேலையோடு மண் சுமந்தேன். துறைமுக வேலையில் தூத்துக்குடியில் இருந்த என் கணவர், வாரக் கடைசியில் வந்தவர், பையைக்கூட உள்ளே வைக்காமல் மண்வெட்டியை எடுத்தார். கிரேஸ் டீச்சர் தன் டியூஷன் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கல்லைக் கைமாற்றவிட்டார். கரை இடுப்பளவு உயர்ந்தது.

கோடை மழை ஒன்று வந்தது. அதை நான் மறக்க மாட்டேன். கரிசல் மண் கோடையில் வெடித்துக் கிடக்கும். கை நுழைகிற வெடிப்பு, கால் நுழைகிற வெடிப்பு. விழுந்த தண்ணீர் கரையில் முட்டி நின்று, அந்த வெடிப்புகளுக்குள் 'களக் களக்' என்று இறங்கியது. தாகத்தோடு வந்தவன் சொம்பை அண்ணாந்து குடிக்கும்போது தொண்டையில் கேட்குமே, அதே சத்தம். மறுநாள் காலையில் கிணற்றில் வாளி விட்டோம். 'டங்' கேட்கவில்லை.

ஆவணியில் அண்ணாச்சி மகனுக்குக் கல்யாணம். பெண், அதே எட்டயபுரத்துப் பெண்தான். சம்பந்தியம்மா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பந்தலுக்குள் வந்தார். பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாம் வந்து எங்கள் கரையைப் பார்த்துப் போனார்கள். எங்களுக்குத் தலை நிமிர்ந்துவிட்டது.

நாங்கள் ஒன்றை மறந்துபோனோம். எல்லோருமே கரிசல் காட்டிலிருந்து வந்த குடும்பங்கள்தான். வெடித்த கரிசல் எவ்வளவும் குடிக்கும், ஈரம் ஏறி உப்பிவிட்டால் வெடிப்பு மூடிக்கொண்டு ஒரு சொட்டுக்கூட உள்ளே விடாது என்பது எங்களுக்குப் பிறவியிலேயே தெரியும். ஆனால் அதெல்லாம் காட்டுக்கு. தெருவும் அதே மண்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. அத்தனை வருடத் தாகம். தண்ணீர் அதிகமாகிவிடும் என்று பயப்பட எங்களுக்குப் பழக்கமில்லை.

கதவு பிடித்துக்கொண்டது

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. நாள் கணக்கில் தூறிக்கொண்டே இருந்தது. கரிசல் பக்கத்து வீடுகளில் அப்படிப்பட்ட நாட்களில் கதவுகள் பிடித்துக்கொள்ளும். கீழே மண் உப்பிக் கதவு நிலையை நெருக்கும். மரமும் ஈரத்தில் ஊதிவிடும். கோடையில் ஒரு விரலால் திறக்கிற கதவை மழையில் தோளால் முட்ட வேண்டும். எனக்குக் கல்யாணமான புதிதில் குளியலறைக் கதவு பிடித்துக்கொண்டு, மாமனார் வெளியே நின்று "பயப்படாத தாயி, வெயில் வந்தா திறந்துரும்" என்று ஆறுதல் சொன்னது குடும்பத்தில் பெரிய சிரிப்பு.

அந்த வாரமும் வீட்டுக்கு வீடு கதவு பிடித்தது. அதையும் சிரித்துப் பேசினோம். மண் நிறைந்துவிட்டது என்று கதவுகள் சொல்லிக்கொண்டிருந்தன. நாங்கள் கேட்கவில்லை.

அன்று சனிக்கிழமை. எனக்குப் பகல் டியூட்டி. கணவர் தூத்துக்குடியிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. உமாவுக்கு ஒன்பது, பத்து வயது. மத்தியானம் டீச்சர் வீட்டு டியூஷனுக்குப் போயிருந்தாள். திடீரென்று வானம் கவிழ்ந்த மாதிரி பெய்ய ஆரம்பித்தது. எக்ஸ்சேஞ்சில் எங்கள் பகுதி லைன்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. எங்கள் தெருவில் போன் இருந்த ஒரே இடம் அண்ணாச்சி கடை. அதுவும் செத்தது. சூப்பர்வைசரிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நடந்தேன், ஓடினேன்.

கரையின் மேல் கூட்டம் நின்றது. நடுவில் குடையோடு அண்ணாச்சி.

"கரைய உடைச்சுட்டு? சித்திரையில என்னத்தக் குடிப்பீய? மழை விடட்டும், வடிஞ்சுரும்."

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு அண்ணாச்சி!"

"வீட்டுக்குள்ள வந்ததும் தண்ணிதானய்யா!"

அப்போதுதான் தட்டுச் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஜன்னல் கம்பி வழியாக டீச்சரின் குரல்.

"பிள்ளைங்கள பரண்ல ஏத்திட்டேன்! கதவு பிடிச்சுக்கிட்டு, திறக்க மாட்டுக்கு! யாரும் கதவ முட்டாதீங்க, கூரையில ஏறாதீங்க. மண்சுவரு ஊறிட்டு, இறங்கிரும்!"

அண்ணாச்சியின் கையிலிருந்த குடை கீழே விழுந்து, கவிழ்ந்த படகு மாதிரி மிதந்து போனது. அவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. மண்வெட்டியை எடுத்துவிட்டார்.

கீழே இருக்கிறவர்கள்

இன்னொரு மண்வெட்டியை நான் பிடுங்கினேன். கரையின் நடுப்பகுதி மெலிவாக இருந்தது. அங்கேயே ஓங்கினேன். அண்ணாச்சி காம்பைப் பிடித்துக்கொண்டார்.

"நடுவுல வெட்டாத தாயி. மொத்தமா பிச்சுக்கிட்டுப் போயிரும். கீழ குடிசை இருக்கு."

"எம் பிள்ளை உள்ள இருக்கா அண்ணாச்சி!"

"தெரியும். விடு தாயி. ஓரமாத் திறப்போம். முதல்ல அவியள ஏத்தணும்."

கீழிருந்து பேச்சியம்மா ஏறி வந்தாள். ஓடைக்கரையில் அவளிடம் கேட்காமல் ஒன்றும் நடக்காது. மழைக்கு ஒரு உரச்சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, தட்டுச் சத்தமெல்லாம் கேக்கு? ரெண்டாவது மவனுக்கும் பொண்ணு அமைஞ்சுட்டா?" என்று சிரித்துக்கொண்டே வந்தவள், என் முகத்தைப் பார்த்து நின்றாள்.

அண்ணாச்சி சொன்னார். அவள் இந்தப் பக்கம் நிற்கும் தண்ணீரைப் பார்த்தாள். அந்தப் பக்கம் கீழே கிடந்த தன் கூரையைப் பார்த்தாள். கெஞ்சவும் இல்லை, சண்டை போடவும் இல்லை.

"எல்லாரையும் தண்டவாள மேட்டுக்கு ஏத்திட்டுத் துண்ட வீசுதேன். அதுவரைக்கும் தொடாதீய." என் கையைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்தது. "யக்கா, ஒம் பிள்ள மாதிரி அங்கனயும் தொட்டில்ல கெடக்கு. ஓடியே போறேன்."

ஓடினாள். நான் மண்வெட்டியைக் கீழே வைத்தேன். அதைவிடக் கனமான பொருளை நான் வாழ்க்கையில் கீழே வைத்ததில்லை.

காத்திருக்கும்போதுதான் தட்டுச் சத்தம் நின்றது.

டீச்சர் பெயரைச் சொல்லிக் கத்தினேன். மழையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஊறிய சுவரில் ஒரு கீறல் ஜன்னலிலிருந்து மேலே போவது தெரிந்தது. அது முன்பே இருந்ததா, இப்போது வந்ததா? இன்றும் எந்த வீட்டுச் சுவரில் கீறலைப் பார்த்தாலும் நான் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்.

தண்டவாள மேட்டில் ஒரு துண்டு அசைந்தது.

கரையின் ஓரத்தில், பாறை இருந்த இடத்தில், கையகலம் கையகலமாக வெட்டினார்கள். வெட்டிய இடம் அரிக்காமல் இருக்க, அண்ணாச்சி தன் கடைச் சாக்குகளில் மண் நிரப்பி இரண்டு பக்கமும் அடுக்கினார். தண்ணீர் திமிறாமல், சொன்ன பேச்சைக் கேட்கிற மாடு மாதிரி இறங்கியது. ஜன்னல் கட்டை வெளியே வந்தது. வாசற்படி வெளியே வந்தது.

உள்ளிருந்து 'ணங், ணங்' என்று ஒரு புதுச் சத்தம். டீச்சர் அம்மிக் குழவியால் கதவின் கீல் ஆணிகளைத் தட்டிக்கொண்டிருந்தார். கதவு நிலையிலிருந்து கழன்று உள்பக்கமாகச் சாய்ந்தது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக அதன்மேல் நடந்து வெளியே வந்தார்கள். எல்லோருடைய கன்னமும் உப்பியிருந்தது.

உமாவை அள்ளிக்கொண்டேன். "ஏட்டி, தட்ட ஏன்ட்டி நிறுத்துனீய?"

வாயில் இருந்ததை மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "டீச்சர் கடலை மிட்டாய் குடுத்தாங்க. அதத் தட்டுல வாங்காம எதுல வாங்க?"

நான் அவளை அடித்தேன். பிறகு முத்தம் கொடுத்தேன். எது முதலில் என்று உமாவுக்கும் எனக்கும் இன்றுவரை தகராறு.

பொழுது சாய்வதற்குள் அந்தச் சுவர் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஒரு கிழவர் உட்காருவது போல மெதுவாக, பரண் இருந்த பக்கமாக.

கல்லும் பலகையும்

மழை விட்டதும் தெரு கூடியது. கரையே வேண்டாம் என்றார்கள் கீழ்ப்பக்கத்தார். கரை இல்லாவிட்டால் மறுபடி வாளியில் 'டங்' என்றார்கள் மேல்பக்கத்தார். இரண்டும் உண்மைதான்.

"வீட்டுக்குக் கதவு இருக்குல்லா, அது மாதிரி கரைக்கும் ஒண்ணு வைங்க" என்றார் கிரேஸ் டீச்சர். "மூடவும் செய்யணும், திறக்கவும் செய்யணும்."

இரண்டு கல்தூண் நட்டு, அவற்றில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டி, பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்குகிற மாதிரி மடை செய்தோம். வெடிப்பு இருக்கிறவரை பலகை கீழே இருக்கும். மண் நிறைந்ததும் ஒவ்வொன்றாகத் தூக்கிவிட வேண்டும். ஓடையில் இருந்த குப்பையையும் கருவேலத்தையும் வெட்டி எடுத்தோம். டீச்சருக்குத் தெருவே சேர்ந்து வீடு கட்டியது. கரிசலை ஆழத் தோண்டிப் போட்டுவிட்டு, சரளும் மணலும் அடித்து மேடாக்கிக் கட்டினோம். புது வீட்டுக் கதவை டீச்சர் ஒரு விரலால் திறந்து மூடிக் காட்டினார்.

"இனிமே எந்த மழையிலயும் பிடிக்காது!"

எல்லோரும் கைதட்டினோம். அண்ணாச்சி மட்டும் தாடையைத் தடவினார். "அப்ப மண்ணு நெறஞ்சுட்டுன்னு நமக்கு யாரு சொல்லுவா?"

அப்படித்தான் அந்தக் கதவு வந்தது. பழைய வீட்டின் நிலையையும் கதவையும் கொண்டுபோய், மடைக்குப் பக்கத்தில் வெறும் கரிசலில் நட்டோம். சுவர் கிடையாது, கூரை கிடையாது. முன்னாலும் வெட்டவெளி, பின்னாலும் வெட்டவெளி, நடுவில் ஒரு கதவு. பிள்ளைகள் அதில் புகுந்து புகுந்து விளையாடினார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நகராட்சியிலிருந்து பார்வையிட வந்தவர் வெகுநேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "வீடு எங்கே?" என்று கேட்டார்.

ஐப்பசி பிறந்தால் முறை வைத்து வீட்டுக்கு ஒருவர் காலையும் மாலையும் போய்க் கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டும். பிடித்துக்கொண்டால் பலகையைத் தூக்க வேண்டும். முதல் வருடம் அண்ணாச்சி முறை வந்தபோது, முழுத் தோளையும் கொடுத்து முட்டித் திறந்துவிட்டு, "இன்னும் பிடிக்கலையே!" என்றார். அன்றிலிருந்து இடது கையால் மட்டும் தள்ள வேண்டும் என்று விதி.

இன்னொரு விதியைப் பேச்சியம்மா போட்டாள். "தூக்குததுக்கு முன்னால தட்ட அடிங்க. நாங்க பதில் தட்டு அடிப்போம். அது கேக்காம ஒரு பலகை ஏறப்படாது."

மறுபடி ஒரு ஐப்பசி

வருடங்கள் போயின. பஞ்சமும் வந்தது, பெருமழையும் வந்தது. கிணற்றில் மறுபடி 'டங்' கேட்கவில்லை. எந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை. கரை போடாத வேறு சில தெருக்காரர்களும் வந்து அளவெடுத்துப் போய் மடை வைத்தார்கள். கதவு வேண்டுமே என்று அவர்கள் இடிந்த வீடுகளைத் தேடி அலைந்தது தனிக்கதை.

ஆனால் நான் தேறவில்லை. மேகம் கறுத்தால் என் முறை இல்லாத நாளிலும் போய்க் கதவைத் தள்ளிவிட்டு வருவேன். உமாவை மட்டும் மடைப்பக்கம் விட மாட்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஐப்பசி. உமா திருநெல்வேலியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தாள். லீவுக்கு வந்திருந்தாள். எனக்குக் காய்ச்சல். அன்று எங்கள் வீட்டு முறை. மத்தியானம் பழைய மாதிரியே வானம் கவிழ்ந்தது. போர்வையை விலக்கிப் பார்த்தேன். உமா இல்லை. சமையலறைத் தட்டுகளில் ஒன்றையும் காணோம், ஒன்றே ஒன்றை.

குடையை எடுத்துக்கொண்டு காய்ச்சலோடு ஓடினேன். மழைக்குள் அந்தக் கதவு தனியாக நின்றது. பக்கத்தில் உமா. இடது கையை நீட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சுட்டும்மா."

"நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கிடுதேன்."

"காய்ச்சக்காரி பலகை தூக்குவீங்களா? பேசாம குடையப் பிடிங்க."

தட்டை எடுத்து அடித்தாள். ஒழுங்கில்லாமல், பரணில் அடித்த அதே கையால். அடித்துவிட்டுக் காத்திருந்தாள். அவள் அவசரப்படவில்லை. கீழே பார்த்துக்கொண்டு நின்றாள், தண்ணீர் அவள் கெண்டைக்காலைத் தொட்டுக்கொண்டிருந்தபோதும்.

கீழிருந்து பதில் வந்தது. பேச்சியம்மா வீட்டுத் தட்டு. உமா பலகையில் கைவைக்கப் போனவள் நின்று, விரலை உயர்த்தினாள். இன்னும் கீழே, ஓடை வளைகிற இடத்தில் புதிதாக வந்திருந்த வீடுகளிலிருந்து ஒரு தட்டு. அதற்கும் அப்பால், எங்களுக்கு ஆளே தெரியாத ஒரு தெருவிலிருந்து இன்னொன்று. யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மேலே இருந்து வந்த சத்தத்தை வாங்கிக் கீழே இருப்பவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மழை முழுவதும் தட்டுச் சத்தம் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

உமா முதல் பலகையைத் தூக்கினாள். தண்ணீர் சுருண்டு வெளியேறியது. இரண்டாவதைத் தூக்கும்போது கீழே தட்டுகள் ஒவ்வொன்றாக நின்றன. கடைசியில் மழை மட்டும் கேட்டது.

என்னை அறியாமல் அவள் கையைப் பிடித்துவிட்டேன். நகம் பதிந்திருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மழைத் தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

"மிட்டாய் திங்குதாங்களா இருக்கும்மா" என்றாள்.

நான் கையை விட்டேன். அவள் மூன்றாவது பலகையைத் தூக்கினாள்.